எழுவதற்கு முன் நாற்பது விநாடி

மதுரையில் வயதான இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் முன்பெல்லாம் "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். 2061இல் "சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். பதில் மட்டும் மாறவில்லை. "ஆச்சு, நீங்க?"

கேள்வி தாங்கியைப் பற்றியது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும் கால்சட்டை மாதிரியான ஒரு சாதனம். அறுபத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. கொடுத்த கையோடு, சோதனையில் தேறிச் சான்று வாங்காதவர்கள் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமும் போட்டது. காரணம் நியாயமானதுதான். வயதானவர்கள் வெடுக்கென்று எழுவதும், ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டி விழுவதும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதுமாக ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த காலம் ஒன்று இருந்தது. தாங்கி வந்தபின் அது குறைந்தது.

எழ வேண்டும் என்று நினைத்தாலே தொடையில் ஒரு சின்ன அசைவு உண்டாகும். தாங்கி அதைப் பிடித்துக்கொண்டு முதல் வேலையாக முழங்காலைப் பூட்டிவிடும். காதுக்குள் ஒரு பெண்குரல் "பொறுங்கள்" என்னும். பிறகு கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கால்களைப் பிழிந்து ரத்தத்தை ஏற்றும். நாற்பது விநாடி கழித்து "எழலாம்" என்று பூட்டைத் திறக்கும். நிற்கிறவரை பிழிந்துகொண்டே இருக்கும். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் நின்றால் சார்ஜ் தீர்ந்துவிடும். ஆனால் அப்படி யார் நிற்கப்போகிறார்கள்?

பூங்காவனம் நின்றவள்தான். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்சில் கண்டக்டர். பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையில் எத்தனை லட்சம் தடவை டிக்கெட் கிழித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்; கம்பியைப் பிடிக்க முடியாது. இடுப்பை சீட்டு முனையில் சாய்த்து, காலை அகட்டி வைத்து, எந்த பிரேக்குக்கும் அசையாமல் நிற்பாள். அது அப்போது. இப்போது எழுபத்திரண்டு வயது. ஏழு வருஷமாகத் தாங்கிக்குள் இருந்த கால்கள் முருங்கைக்காயாக மெலிந்திருந்தன.

அவளுடைய தம்பி தர்மலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. மனைவி போய் ஆறு வருஷம் தனியாக இருந்தவன், விருதுநகரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அமுதவல்லியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக வைகாசியில் வந்து வெட்கத்தோடு சொன்னான். அமுதவல்லிக்கு அது முதல் கல்யாணம். ஐம்பத்தெட்டு வயதில்.

"ஏன்டா, கணக்கு டீச்சருங்கிற. உன் வயசக் கூட்டிப் பாத்துச்சா, இல்லையா?"

"கழிச்சுப் பாத்துச்சாம்க்கா. அஞ்சுதான் வந்துச்சாம். பரவாயில்லன்னுருச்சு."

சிரித்துச் சிரித்துப் பூங்காவனத்துக்குப் புரையேறியது. அந்தச் சந்தோஷத்தோடுதான் நிச்சயதார்த்தத்துக்கு விருதுநகர் போனார்கள்.

அங்கேதான் கெட்டது.

அமுதவல்லியின் அண்ணன் சங்கரபாண்டியன் ஓய்வுபெற்ற தாசில்தார். எழுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூடத்துக்கு வந்து தூணோரமாக நின்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையமர்த்திவிட்டார். அந்த மனிதர் உட்காரவே மாட்டாரோ என்று பூங்காவனம் நினைத்துக்கொண்டாள். நல்ல கம்பீரம்தான்.

டிபன் முடிந்தது. கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருந்தாள். தட்டு மாற்றும் நேரம் வந்தது. சங்கரபாண்டியன் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவையோடு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். அப்பா அம்மா இல்லாத தம்பிக்கு அக்காதான் பெரியவள். அவள் எழுந்து வாங்க வேண்டும். எழப் போனாள்.

"பொறுங்கள்" என்றது காதுக்குள் குரல்.

முழங்கால் பூட்டிக்கொண்டது. பூங்காவனம் சிரித்தபடி அவரைப் பார்த்தாள். நாற்பது விநாடி போயிற்று. பூட்டு திறக்கவில்லை. சாப்பிட்ட பிறகு ரத்தம் வயிற்றுப் பக்கம் போய்விடுவதால் தாங்கி இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. ஒன்றரை ஆனது. சங்கரபாண்டியனின் கைகள் தாம்பாளத்தின் கனத்தில் தாழத் தொடங்கின. அவர் தாம்பாளத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"எழலாம்" என்றது குரல்.

மறுநாள் தர்மலிங்கம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "என்னக்கா, விஷயம் இப்படி ஆகிப்போச்சு. அவுக அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுட்டாராம். அவரு வராம கழுத்த நீட்ட மாட்டேன்னு அமுதா சொல்லுது. வளத்ததே அவருதானாம்."

"தாங்கின்னு சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா. 'எனக்கு எழுபத்தஞ்சு, நான் என்ன தாங்கியா போட்டிருக்கேன்? மரியாதை மனசுல இருந்தா கால் தானா எந்திரிக்கும்'ங்கிறாரு."

பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, அதற்கடியில் வெட்கமும் இருந்தது. முப்பத்தொரு வருஷம் நின்று சோறு தின்றவளைப் பார்த்து எழுந்து நிற்கத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

"அந்தாளுக்குப் போன் போடு. கல்யாணத்தன்னைக்கு, அவரு மண்டபத்துக்குள்ள கால் வைக்கயில, தாங்கி இல்லாம எந்திரிச்சு வந்து கும்பிடுறேன்னு சொல்லு. மூணு முடிச்சுல ரெண்டு முடிச்சு நாத்தனா போடணும்ல? அதையும் தாங்கி இல்லாம நின்னே போடுறேன்னு சொல்லு."

காலம் கொஞ்சம் மாறியிருந்தது. முடிச்சுப் போடுகிறவள் சுமங்கலியா என்று யாரும் கேட்பதில்லை. நிற்க முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

சங்கரபாண்டியனிடமிருந்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "வந்து பார்க்கிறேன்." கல்யாணம் ஆவணி கடைசி முகூர்த்தம். மூன்று மாதம் இருந்தது.

அன்று மத்தியானமே பூங்காவனம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாங்கியைக் கழற்றினாள். குளிப்பதற்குக் கழற்ற அரைமணி நேரம் அனுமதி உண்டு. எழுந்தாள். சுவரில் இருந்த காலண்டர் முதலில் சாம்பல் நிறமானது, பிறகு காணாமல் போனது. கண் திறந்தபோது கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். பிரேக் போட்ட டிரைவரைத் திட்ட வாயெடுத்து, தான் வீட்டில் இருப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

வார்டு சுகாதார நிலைய மாடியில் ஷமீலா என்ற பிசியோதெரபிஸ்ட் முதியோருக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துவதாக ஒரு பலகை பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூங்காவனம் போனபோது மாடியில் ஷமீலாவும் ஆறு மணல் மூட்டைகளும் நான்கு நாற்காலிகளும் மட்டும் இருந்தார்கள்.

"யாரும் வர்றதில்லையா?"

"தாங்கி இருக்கும்போது எதுக்கு மூட்ட தூக்கணும்னு கேக்குறாங்கம்மா. எனக்கும் பதில் சொல்லி அலுத்துப்போச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

பூங்காவனம் கேசரி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். ஷமீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். தோளைப் பிடித்து நிற்க வைத்து மறுபடி பார்த்தாள்.

"இருபத்தேழு புள்ளி எறங்குது. இருபதுக்குள்ள இருந்தாத்தான் தாங்கியக் கழட்டச் சான்று தருவாங்க."

"எதுக்கு எறங்குது?"

"நீங்க எந்திரிச்சதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் எறங்கிரும்மா. எல்லாருக்கும் எறங்கும். கழுத்துல இருக்குற நரம்பு அதக் கவனிச்சு, இதயத்த வேகமா அடிக்கச் சொல்லும், ரத்தக் குழாயச் சுருங்கச் சொல்லும். வயசானா அந்த நரம்பு மந்தமாயிரும். அப்ப கைகொடுக்குறது கெண்டைக்கால் சதை. அது இறுகுனா ரத்தத்த மேல தள்ளும். உங்களுக்கு அந்தச் சதையே இல்ல. ஏழு வருஷமா அதோட வேலையத் தாங்கி பாத்துருச்சு."

"புரிஞ்சிருச்சு. எல்லாப் பயலும் படிக்கட்டுல தொங்குறான். முன்னாடி பஸ்சு காலியாக் கெடக்கு. உள்ள ஏறி வா, உள்ள ஏறி வான்னு கத்துறதுக்குக் கண்டக்டர் இல்ல."

ஷமீலா அவளை வியப்போடு பார்த்தாள். "நாலு வருஷம் காலேஜுல இத இப்படி யாரும் சொல்லித் தரல."

"அப்ப மூட்ட தூக்குனா சரியாயிரும்?"

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்குப் புள்ளி கொறையும், சில பேருக்கு அவ்வளவாக் கொறையாது. ஆனா காலுல பலம் இருந்தா, எறங்குனாலும் சமாளிச்சு நிக்கலாம். அது நிச்சயம்."

சத்தியம் செய்ய மறுத்ததுதான் பூங்காவனத்துக்குப் பிடித்தது. மறுநாள் காலை ஆறரைக்கே மாடிக்குப் போய்விட்டாள்.

முதல் வாரம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுவதற்குள் நாக்கு தள்ளியது. குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுவது, பிறகு இரண்டு கிலோ மூட்டை, நான்கு கிலோ மூட்டை. வகுப்பு நேரத்தில் ஷமீலாவின் பொறுப்பில் தாங்கியைக் கழற்றலாம். ஷமீலா ஒன்று, இரண்டு என்று எண்ணுவது பூங்காவனத்துக்குச் சரிப்படவில்லை. பழைய பெட்டியைக் கிளறி விசிலை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு விசிலுக்கு உட்காருவது, இரண்டு விசிலுக்கு எழுவது.

விசில் சத்தம் தெருவுக்குக் கேட்டது. இரண்டாம் வாரம் எதிர்வீட்டுத் தையற்காரர் ஞானமுத்து என்னவென்று பார்க்க மாடியேறி வந்தார். ஏறிவந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் அவர் கையில் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டாள். ஆடி பிறக்கும்போது பதினோரு பேர் இருந்தார்கள். நாற்காலி பற்றவில்லை.

"சில்லறை இல்லாதவங்கல்லாம் எறங்கிக்கங்க" என்று பூங்காவனம் கத்துவாள். ஞானமுத்து, "ஸ்டாப்பிங் வந்தா சொல்லும்மா, மூச்சு முட்டுது" என்பார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு நிலைச் சோதனை. ஐந்து நிமிஷம் படுக்கை, மூன்று நிமிஷம் நிற்றல். மருத்துவர் கிடையாது, இயந்திரம்தான். பூங்காவனம் இயந்திரத்தின் முன்னால் அசையாமல் நின்றாள். கண் இருட்டவில்லை. தலை சுற்றவில்லை. இன்னும் பத்து நிமிஷம் நில் என்றாலும் நின்றிருப்பாள்.

இருபத்தொன்று என்று காட்டியது இயந்திரம். "சான்று மறுக்கப்படுகிறது."

"மூணு மாசத்துக்கு ஆறு புள்ளி" என்றாள் பூங்காவனம். அவள் குரல் உடைந்ததை ஷமீலா முதல்முறையாகக் கேட்டாள். "ஒத்தப் புள்ளி. அந்தாளு முன்னாடி மறுபடியும் கால் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். தம்பி கல்யாணம் போச்சு."

ஷமீலா இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது உங்க பிரஷர மட்டும் பாக்குதும்மா. நீங்க நின்னதப் பாக்கல. நான் பாத்தேன்." அறைக்குள் போய் விதிப் புத்தகத்தைத் திரையில் ஓடவிட்டாள். குடும்ப நிகழ்ச்சிகளுக்கு, பயிற்சியாளர் உடனிருந்து பொறுப்பேற்றால், ஒருநாள் விலக்கு உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. சட்டம் வந்த நாளிலிருந்து யாரும் அதற்கு விண்ணப்பித்ததில்லை.

"நான் விழுந்தா உன் வேல போயிருமே?"

"அதனாலதான் விழ மாட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டாள் ஷமீலா.

மண்டபம் பசுமலைப் பக்கம். காலை ஏழு மணிக்கே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பூங்காவனம் மாம்பழ நிறப் பட்டுக் கட்டி, வாசலுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டே வரவேற்றிருக்கலாம். ஆனால் அவள் எழுவதை அவர் பார்க்க வேண்டும்.

ஷமீலா ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். "மொதல்ல கணுக்கால் பத்துத் தடவ. அப்புறம்தான் எந்திரிக்கணும்." புடவைக்குள் பாதங்கள் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தன.

எட்டு மணிக்குச் சங்கரபாண்டியன் வாசலில் தெரிந்தார். அதே வெள்ளை. பூங்காவனம் எழுந்தாள். மேடையின் பூ அலங்காரம் ஒரு கணம் மங்கியது. காலை அகட்டி வைத்துத் தொடையை இறுக்கினாள். பழைய பிரேக்தான். பூக்களுக்கு நிறம் திரும்பியது. ஏழெட்டு அடி நடந்துபோய் இரண்டு கையும் கூப்பினாள்.

"வாங்க சார். அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிக்கணும்."

சங்கரபாண்டியன் அவள் முகத்தைவிட அவள் கால்களையே அதிகம் பார்த்தார். "தாங்கி?" என்றார் மெதுவாக.

"இல்ல சார்."

"நெசமாவா?" அந்தக் குரலில் மிடுக்கு இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"உக்காருங்க சார், காப்பி கொண்டாரச் சொல்றேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

அவர் மேடையோரமாகப் போய் நின்றார். ஒன்பது மணிக்கும் நின்றார். ஒன்பதரைக்கும் நின்றார். மூன்று பேர் நாற்காலி கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்கும் அதே பதில். பூங்காவனம் மணமேடையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாள். வெளியே எதையோ பார்ப்பது போன்ற பார்வை, கொஞ்சம் அதிகமான நிமிர்வு. பிறகு பிடிபட்டது. டிக்கெட் எடுக்காத ஆள் செக்கிங் ஏறியதும் இப்படித்தான் நிற்பான்.

மின்விசிறிக் காற்றில் அவருடைய வேட்டி நுனி விலகியது. கணுக்காலில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. சார்ஜ் தீரப்போகிறது.

பூங்காவனத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பீரத்துக்காக நிற்கிற மனிதர் அல்ல அவர். உட்கார்ந்தால் நாற்பது விநாடி எழ முடியாது, அது நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக உட்காராமலே காலத்தைக் கடத்துகிறவர்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

எல்லோரும் மணமக்களின் பின்னால் நெருங்கினார்கள். சங்கரபாண்டியன் அவளுக்கு வலப்பக்கம் வந்து நின்றார். தர்மலிங்கம் முதல் முடிச்சைப் போட்டான். பூங்காவனம் குனிந்து மஞ்சள் கயிற்றைப் பிடித்தாள். அப்போது வலது தோளில் ஒரு பாரம் சாய்ந்தது. அவர் முகம் வெளுத்து, கண்கள் மேலே போய்க்கொண்டிருந்தன.

இரண்டு கையும் வேலையாக இருந்தன. அது அவளுக்குப் புதிதல்ல. காலை அகட்டி, இடுப்பை அவர் இடுப்பில் முட்டுக்கொடுத்து, தோளை அவர் மார்புக்குக் கீழே செருகினாள். எழுபது கிலோ இருக்கும். மூட்டைகளைவிடக் கனம்தான், ஆனால் மூட்டை மூச்சு விடாது, இவர் விட்டார்.

"காலக் குறுக்கப் போட்டு இறுக்குங்க சார்" என்றாள் உதடு அசையாமல். "இந்தா, ஸ்டாப்பிங் வந்துருச்சு."

இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு. மலரும் அட்சதையும் விழுந்தன. அவர் காலைப் பின்னி இறுக்கியிருக்க வேண்டும். தோளில் பாரம் கொஞ்சம் குறைந்தது. அவள் அவரோடு ஒட்டியபடியே நிமிர்ந்தாள். ஷமீலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மறுபக்கம் சேர்ந்துகொண்டாள். பிற்பாடு அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், சம்பந்திகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் பாசத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

முதல் பந்தியில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவர் பொது இடத்தில் உட்கார்ந்து அவர் தங்கையே பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. மேசைக்கு அடியில் ஷமீலா தன் பையிலிருந்து சார்ஜர் ஒயரை எடுத்துச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போனாள். பூங்காவனம் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மூன்று மாதம் மணல் மூட்டை தூக்கிய கதையைச் சொன்னாள்.

"சான்று இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் சங்கரபாண்டியன் சாம்பாரைப் பார்த்தபடி. "அன்னைக்கு நீங்க உக்காந்தே இருந்தீங்கள்ல... என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தக் கோவம்தான்."

"பாயசம் வருது சார். வயிறு நெறஞ்சா ரெண்டு நிமிஷம் ஆகும், தெரியும்ல?"

"தெரியும்." கொஞ்சம் சிரித்தார். "அன்னைக்குக் கேசரி எத்தனை தடவ வாங்குனீங்கன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பந்தி முடிந்தது. ஒவ்வொருவராக இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் வந்து நின்றார்கள். சங்கரபாண்டியனின் முழங்கால் பூட்டிக்கொண்டதை அவர் முகத்தில் பார்த்தாள். "பொறுங்கள்" என்று அவருக்குள் ஒலித்திருக்கும்.

பூங்காவனத்துக்கு ஒரு பூட்டும் இல்லை. நினைத்த மாத்திரத்தில் எழலாம். அவள் இலையை மூடாமல், மோரை நிதானமாக விரலால் வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..." என்றார் பின்னால் நின்றவர்.

"சம்பந்தி இன்னும் எந்திரிக்கலைல்ல?" என்றாள் பூங்காவனம். "அவருக்கு முன்னாடி எந்திரிச்சா மரியாதையா இருக்குமா?"

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்க்கவில்லை. காலி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த மண் மூட்ட... மொதல்ல எத்தன கிலோல ஆரம்பிக்கணும், சம்பந்தி?"